ஒரே அறக்கட்டளை, ஒரே வேலைக்கு நான்கு மென்பொருள்: அப்பாச்சி ஏன் யாரையும் தடுப்பதில்லை?

ஓடிக்கொண்டே இருக்கும் தரவை வந்த கையோடு அலச ஒரு மென்பொருள் வேண்டும் என்று 2015 வாக்கில் தேடியவர்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். ஸ்டார்ம், சாம்சா, ஃபிளிங்க், ஸ்பார்க் என்று நான்கு பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். நான்குமே திறமூல மென்பொருள், அதாவது மூலநிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். நான்குக்கும் முன்னால் 'அப்பாச்சி' என்ற ஒரே அடைமொழி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஏபெக்ஸ், பீம் என்று இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஒரே இடத்திலிருந்து ஒரே வேலைக்கு ஏன் இத்தனை? எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்கிவிடக் கூடாதா?

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையை ஒரு கம்பெனி போல நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. கம்பெனி என்றால் மேலே ஒருவர் இருப்பார். இதை வைத்துக்கொள், அதை நிறுத்து என்பார். அப்பாச்சியில் அப்படிச் சொல்லும் நாற்காலியே கிடையாது. மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. 200க்கும் மேற்பட்ட குழுக்கள் அங்கே சண்டை போட்டுப் பிரியாமல் காலம் தள்ளுவதற்குக் காரணம் அவர்களுக்குள் இருக்கும் நெருக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில் காரணம் நேர்மாறானது. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிட வழியே இல்லாதபடி அந்த அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். ஒரே வளவுக்குள் வீடு, ஆனால் தனித்தனி அடுப்பு.

அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ என்ற கணினி ஆய்வு மையம் எழுதிய வெப் சர்வர் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, அதற்குத் தங்கள் பாட்டுக்குத் திருத்தங்கள் எழுதிக்கொண்டிருந்த எட்டுப் பேர் 1995இல் ஒன்றுகூடினார்கள். அதுதான் அப்பாச்சி குழு. 1999இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்துகொண்டார்கள். நிரல் எழுதப் பதிவு தேவையில்லை. வழக்கு வந்தால் தனி ஆள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும், யாராவது நிரலோ பணமோ கொடுத்தால் வாங்கி வைக்கவும் சட்டப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. இன்றைக்கும் அறக்கட்டளையின் அடிப்படை வேலை ஏறக்குறைய இதுதான்.

உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒன்பது இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இயக்குநர் குழு ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு திட்ட மேலாண்மைக் குழுவை, சுருக்கமாகச் சொன்னால் பிஎம்சியை, ஒரு தீர்மானம் போட்டு உருவாக்குகிறது. இன்ன விஷயம் தொடர்பான மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்க வேண்டும் என்று அதில் ஒற்றை வரியில் பொறுப்பு குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு குழுக்களின் அந்த ஒற்றை வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. எந்த மொழியில் எழுதுவது, எப்போது வெளியிடுவது, யாரைக் கமிட்டராக, அதாவது நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை உள்ளவராக, சேர்ப்பது எல்லாம் அந்தப் பிஎம்சி பாடு. பிஎம்சியின் தலைவருக்கு அறக்கட்டளையின் துணைத் தலைவர் என்று பெரிய பட்டம் இருக்கிறது. ஆனால் தொழில்நுட்ப முடிவில் அவருக்கும் மற்றவர்களைப் போல ஒரே ஓட்டுதான்.

பொதுவாக இருப்பவை கொஞ்சம்தான்: பெயரும் வணிகச் சின்னமும், அப்பாச்சி உரிமம், வக்கீல் உதவி, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்கள், பாதுகாப்புக் குறைகளை ஒருங்கிணைக்கும் குழு. அப்புறம், வெளியீட்டு விதி.

இந்த வெளியீட்டு விதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு திட்டம் புதிய பதிப்பை வெளியிட வேண்டுமானால் பிஎம்சி உறுப்பினர்கள் குறைந்தது மூன்று பேர் +1 (ஆதரவு ஓட்டு) போட வேண்டும். +1கள் -1களைவிட (எதிர்ப்பு ஓட்டுகளைவிட) அதிகமாகவும் இருக்க வேண்டும். வழக்கமாக 72 மணி நேரம் ஓட்டு திறந்திருக்கும், ஏனென்றால் ஒருவர் பெர்லினில் இருப்பார், இன்னொருவர் பெங்களூரில் தூங்கிக்கொண்டிருப்பார். +1 என்று சும்மா தட்டிவிட்டுப் போக முடியாது. மூலநிரல் பொதியைத் தன் சொந்தக் கணினியில் இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து, உரிமக் கோப்புகள் ஒழுங்காக உள்ளனவா என்று பார்த்து, தானே கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்த பிறகே போட வேண்டும். நிரலில் ஒரு மாற்றத்தை எந்த ஒரு கமிட்டரும் தொழில்நுட்பக் காரணம் சொல்லி -1 போட்டுத் தடுத்துவிடலாம். வெளியீட்டை மட்டும் அப்படி ஒற்றை ஆளாகத் தடுக்க முடியாது. பக்கத்துத் திட்டத்துக்காரருக்கு இதில் செல்லுபடியாகும் ஓட்டே இல்லை. ஃபிளிங்க் வெளியீட்டுக்கு ஸ்பார்க் பிஎம்சியில் இருப்பவர் கருத்துச் சொல்லலாம், கணக்கில் வராது. அறக்கட்டளைத் தலைவருக்கும் அதே கதிதான்.

இந்த ஏற்பாடு முதல் நாளிலேயே இப்படி அமைந்துவிடவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் ஜாவா சார்ந்த எல்லாவற்றையும் ஜகார்த்தா என்ற ஒரே திட்டத்தின்கீழ் கொட்டி வைத்திருந்தார்கள். டாம்கேட், ஆன்ட், ஸ்ட்ரட்ஸ், லூசீன் எல்லாம் அதன் துணைத் திட்டங்கள். மொத்தத்துக்கும் ஒரே பிஎம்சி. பேருக்குத்தான் ஒரே பிஎம்சி. டாம்கேட்டில் இருப்பவருக்கு லூசீனில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனாலும் லூசீன் வெளியீட்டுக்கு அவரும் பொறுப்பு. சட்டச் சிக்கல் இங்கேதான். அறக்கட்டளையின் பெயரில் ஒரு பொதி வெளியே போகிறது, அதை யார் உண்மையில் பார்த்து ஒப்புதல் தந்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் 2002இலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். முதலில் ஆன்ட் வெளியேறியது. 2005க்குள் ஸ்ட்ரட்ஸ், லூசீன், டாம்கேட் எல்லாம் தனிக்குடித்தனம் போய்விட்டன. மிச்சமிருந்தவையும் போன பிறகு 2011 டிசம்பரில் ஜகார்த்தாவையே மூடினார்கள். 

பாடம் முழுதாக உறைக்க இன்னொரு முறை வேண்டியிருந்தது. பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துக் கையாளும், 2008இல் தனித் திட்டமான ஹடூப்பும் ஜகார்த்தா போலவே வீங்க ஆரம்பித்தது. ஹெச்பேஸ், ஹைவ், பிக் எல்லாம் அதன் துணைத் திட்டங்களாக உள்ளே வளர்ந்தன. இம்முறை ரொம்ப காலம் விட்டுவைக்கவில்லை. 2010இல் மூன்றும் தனித்தனித் திட்டங்களாகிவிட்டன.

கம்பெனிகள் உள்ளே வந்த பிறகு விஷயம் சூடு பிடித்தது. ஹடூப்பை வைத்துத் தொழில் செய்த கிளவுடெராவும் ஹார்ட்டன்வொர்க்ஸும் சந்தையில் பரம எதிரிகள். அப்பாச்சிக்குள் இரண்டு கம்பெனி ஆட்களும் அதே ஹடூப் நிரலில் வேலை பார்த்தார்கள். ஆனால் ஹடூப்பைச் சுற்றித் தேவைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொன்று எழுதினார்கள். தரவை நெடுக்குவாட்டில் அடுக்கிச் சேமிக்க ட்விட்டரும் கிளவுடெராவும் பார்க்கே என்ற கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தன. ஹார்ட்டன்வொர்க்ஸ் தரப்பு ஹைவுக்காக ஓஆர்சியை உருவாக்கியது. இரண்டும் 2013இல் பிறந்தவை, இரண்டும் 2015இல் சொந்தப் பிஎம்சி கொண்ட, அப்பாச்சியின் முழுத் திட்டங்களாயின. யார் எந்தத் தரவைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்த கிளவுடெரா பக்கத்திலிருந்து சென்ட்ரி, ஹார்ட்டன்வொர்க்ஸ் பக்கத்திலிருந்து ரேஞ்சர். இயக்குநர் குழு இரண்டுக்கும் பச்சைக்கொடி காட்டியது. இதைக் கையாலாகாத்தனம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒன்றைத்தான் ஏற்போம் என்று சொல்லியிருந்தால், எந்தக் கம்பெனியின் நிரல் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த நிமிடமே அறக்கட்டளை சந்தைப் போட்டியில் ஒரு தரப்பாகிவிடும், தோற்றவர் கூடாரத்தைக் காலி செய்துகொண்டு போவார்.

முடிவை எடுத்தது சந்தைதான். 2019 ஜனவரியில் கிளவுடெராவும் ஹார்ட்டன்வொர்க்ஸும் ஒன்றாகிவிட்டன. ஒரே கம்பெனி இரண்டு அனுமதி மென்பொருள்களைச் சுமக்குமா? ரேஞ்சர் பிழைத்தது; சென்ட்ரி 2020இல் அட்டிக் என்ற பரணுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளில்லாமல் போன திட்டங்களை ஏற்றி வைக்க 2008இல் ஏற்படுத்திய இடம் அது. நிரல் அங்கே அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்த மட்டும் ஆளிருக்காது. திரும்பி வரவும் வழி உண்டு: ஹடூப் ஓடும் கணினிக் கூட்டங்களை நிர்வகிக்கும் அம்பாரி 2022 தொடக்கத்தில் பரணேறி, ஆட்கள் கிடைத்ததும் அதே ஆண்டில் இறங்கி வந்தது.

குழுக்கள் எவ்வளவு தனித்தனி என்பதை, மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே என்ற நூலகத்தின் விவகாரத்தில் பார்த்ததுபோல் வேறெங்கும் பார்க்க முடியாது. 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய அந்தப் பாதுகாப்புக் குறை அப்பாச்சியின் லாகிங் சர்வீசஸ் பிஎம்சி பராமரிக்கும் நூலகத்தில் இருந்தது. முதல் தகவல் நவம்பர் 24 அன்று அலிபாபாவின் பாதுகாப்புக் குழுவிலிருந்து வந்தது. தீவிரத்துக்கு அதிகபட்ச மதிப்பெண்ணான 10 கொடுத்தார்கள். திருத்திய பதிப்பாக 2.15.0 வந்தது, அது போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, கடைசியில் 2.17.1. ஃபிளிங்க், சோலர், டிரூயிட் என்று அந்த நூலகத்தைச் சேர்த்திருந்த ஒவ்வொரு அப்பாச்சி திட்டமும் தன் பங்குக்குத் தன் பதிப்பை அவசரமாக வெளியிட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டு, தனி மூன்று பேர். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே உத்தரவில் மாற்றும் வசதி அங்கே கிடையாது.

அதைவிட ருசியான விஷயம், அப்பாச்சியின் வேறு திட்டங்களான காஃப்காவும் ஸ்பார்க்கும் இந்தக் குறையிலிருந்து தப்பியது. அவை பழைய லாக்ஃபோர்ஜே 1ஐயே பயன்படுத்திக்கொண்டிருந்தன. அந்த 1ஆம் பதிப்புக்கு 2015 ஆகஸ்டிலேயே ஆயுள் முடிந்துவிட்டது, இனி திருத்த மாட்டோம் என்று அறிவித்தது வேறு யாருமில்லை, அதே லாகிங் சர்வீசஸ் பிஎம்சி. ஆறு ஆண்டுகளாக அண்டை வீட்டுக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, போட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. சரி, இதற்குப் பிறகாவது எல்லாரும் பங்காளியின் 2ஆம் பதிப்புக்கு மாறினார்களா? ஸ்பார்க் 2022இல் மாறியது. இன்னொரு அப்பாச்சி திட்டமான ஸூகீப்பர் அதே ஆண்டில் அப்பாச்சிக்கு வெளியே இருக்கும் லாக்பேக் என்ற நூலகத்துக்குப் போனது. காஃப்கா, லாக்ஃபோர்ஜேயை முதன்முதலில் எழுதியவர் அறக்கட்டளைக்கு வெளியே பழைய பதிப்பைப் பழுதுபார்த்து வெளியிட்ட ரீலோடுஃபோர்ஜேயை எடுத்துக்கொண்டது. 2025இல் வந்த 4.0 பதிப்பில்தான் லாக்ஃபோர்ஜே 2க்கு வந்து சேர்ந்தது. கம்பெனியாக இருந்தால் யாராவது மேசையைத் தட்டியிருப்பார்கள். இங்கே யாரும் தட்டவில்லை. இது நல்லதா என்று கேட்டால், பாதுகாப்பு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயுள் முடிந்த நூலகத்தை உள்ளே வைத்திருக்கும் திட்டங்களைப் பட்டியல் போட்டு நச்சரிக்கவாவது அறக்கட்டளைக்கு ஓர் ஆள் இருக்கலாம். நச்சரிப்பது தலையீடு ஆகாது.

இப்படி எழுதினால் யாரும் யாரோடும் பேசுவதே இல்லை என்று தோன்றும். பேசுகிறார்கள், ஆனால் ஆட்கள் வழியாக. ஒருவரே மூன்று திட்டங்களில் கமிட்டராக இருப்பது சகஜம். ஆரோ என்ற திட்டம் 2016இல் தொடங்கியபோது பத்துக்கும் மேற்பட்ட தரவு மென்பொருள்களில் வேலை பார்த்தவர்கள் ஒன்று கூடியிருந்தார்கள். நினைவகத்தில் தரவை ஒரே விதமாக வைத்துக்கொண்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி எழுதும் வேலை மிச்சம் என்பது அவர்கள் எண்ணம். யாரும் கட்டளை போட்டுக் கூட்டவில்லை; எல்லாருக்கும் ஒரே இடத்தில் வலித்தது. பார்க்கேயின் சி++ நிரலும் ஆரோவின் சி++ நிரலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருந்ததால், 2018இல் பார்க்கேயின் சி++ நிரலை ஆரோவின் களஞ்சியத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். கவனியுங்கள், இரண்டு பிஎம்சிகளும் ஒன்றாகிவிடவில்லை. பார்க்கே கோப்பு வடிவத்தின் வரையறை இன்னமும் பார்க்கே பிஎம்சியின் கையில்தான். எதிர்த்திசையிலும் போகலாம்: டேட்டாஃப்யூஷன் என்ற மென்பொருள் 2019இல் ஆரோவுக்குள் நுழைந்து, வளர்ந்து, 2024இல் தனித் திட்டமாகக் கிளம்பியது.

இந்தத் தலையிடாக் கொள்கைக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒவ்வொரு பிஎம்சியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும், புதிய திட்டமானால் முதல் மூன்று மாதமும் மாதாமாதம். அந்த அறிக்கையில் நிரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியாகப் புதுக் கமிட்டரைச் சேர்த்தது எப்போது, கடைசி வெளியீடு எப்போது, ஒரே கம்பெனியின் ஆட்களே நிறைந்துவிட்டார்களா என்றுதான் பார்க்கிறார்கள். பிஎம்சியில் கம்பெனிக்கு இருக்கை கிடையாது, தனி ஆட்களுக்கு மட்டும்தான்; வேலை மாறினாலும் இருக்கை கூடவே போகும். நன்கொடை தரும் நிறுவனத்துக்கும் இதில் சலுகை இல்லை. 2016இல் கசாண்ட்ரா என்ற டேட்டாபேஸ் திட்டத்தில் டேட்டாஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பிடி அதிகமாக இருக்கிறது என்று இயக்குநர் குழு கவலை தெரிவித்தது. உரசல் முற்றி, பிஎம்சி தலைவர் பதவி கைமாறியது, அந்த நிறுவனம் தன் பங்களிப்பைக் கணிசமாகக் குறைத்துக்கொண்டது. இயக்குநர் குழு நடந்துகொண்ட விதம் முரட்டுத்தனமானது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அந்தத் தகராறு முழுக்க அதிகாரம் யார் கையில் என்பதைப் பற்றியது. கசாண்ட்ராவின் வடிவமைப்பு சரியா தவறா என்று இயக்குநர் குழு பேசவில்லை.

எல்லா அறக்கட்டளையும் இப்படி இல்லை. லினக்ஸ் அறக்கட்டளையின் கிளையான, மேகக் கணிமை மென்பொருள்களைக் கவனிக்கும் சிஎன்சிஎஃபில் கம்பெனிகள் சந்தா கட்டி நிர்வாகக் குழுவில் உட்காரலாம். தொழில்நுட்ப முடிவுகளுக்கு மட்டும் தனிக் குழு உண்டு. எக்லிப்ஸ் என்ற இன்னொரு திறமூல அறக்கட்டளையில் பணம் கட்டும் நிறுவனங்கள் துறைவாரியாகப் பணிக்குழு அமைத்து, அதற்கென்று தனி வரவு செலவும் வைத்துக்கொள்கின்றன. வெளிப்படையாகப் பணம் புழங்கும் இந்த முறைகளில் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேயும் போட்டித் திட்டங்களைத் தடுப்பதில்லை. மென்பொருளை அதற்கு வேண்டியவற்றோடு ஒரு பெட்டி போலக் கட்டிவைக்கும் கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியையும் ராக்கெட்டையும் சிஎன்சிஎஃப் 2017 மார்ச்சில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. இரண்டே ஆண்டில் ராக்கெட் காப்பகத்துக்குப் போய்விட்டது.

இந்த முறையால் அடிபடுவது பயனர்தான். அப்பாச்சி என்ற பெயரைப் பார்த்து, எல்லாம் ஒரே தரமாக இருக்கும் என்று நம்பி ஒன்றை எடுத்து வைத்துக் கட்டி முடிக்கும்போது அது பரணேறியிருக்கும். ஏபெக்ஸை நம்பியவர்களுக்கு 2019இல் அதுதான் நடந்தது. மூன்றே ஆண்டு முழுத் திட்டமாக இருந்துவிட்டுப் போய்விட்டது. அந்தப் பெயர் தரும் உத்தரவாதம் குறுகலானது: உரிமம் சுத்தமாக இருக்கும், வெளியீட்டை மூன்று பேராவது பார்த்திருப்பார்கள், எந்தக் கம்பெனியும் நாளை வந்து இதை மூடிவிட முடியாது. நன்றாக ஓடும் என்றோ, நாலு வருஷம் கழித்தும் இருக்கும் என்றோ அது சொல்லவில்லை.

தேர்ந்தெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது, ஏனோ பலரும் அதைத் தொடுவதில்லை. இயக்குநர் குழுவின் மாதக் கூட்டக் குறிப்புகளும் அவற்றில் சேர்ந்து வரும் பிஎம்சி அறிக்கைகளும் பொதுவெளியில் கிடைக்கின்றன. விளம்பரப் பக்கத்தில் ஜொலிக்கும் ஒரு திட்டம் தன் அறிக்கையில் இரண்டு ஆண்டாகப் புதுக் கமிட்டர் யாரும் இல்லை என்று எழுதியிருக்கும். ஒரு வரி படித்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இப்போது இதே ஆட்டம் அட்டவணை வடிவங்களில் நடக்கிறது. கோப்புக் குவியலை டேட்டாபேஸ் அட்டவணை போலக் கையாள நெட்ஃபிளிக்ஸில் பிறந்த ஐஸ்பெர்க்கும் ஊபரில் பிறந்த ஹூடியும் 2020இல் முழுத் திட்டங்களாயின. ஃபிளிங்க்குக்குள் முளைத்த பைமன் 2024இல் மூன்றாவதாக வந்தது. நான்காவதான டெல்டா லேக் லினக்ஸ் அறக்கட்டளையில் இருக்கிறது. டெல்டா லேக்கை உருவாக்கிய டேட்டாபிரிக்ஸ், ஐஸ்பெர்க்கைத் தொடங்கியவர்களின் கம்பெனியை 2024 ஜூனில் வாங்கியது. எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். அப்பாச்சி இது எதிலும் வாய் திறக்கவில்லை. அதே 2024இல் இந்த வடிவங்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மொழிபெயர்க்கும் எக்ஸ்டேபிள் என்ற திட்டம் வந்து, அப்பாச்சியில் புதிய திட்டங்கள் முதலில் நுழையும் இன்குபேட்டரின் கதவைத் தட்டியது. அதையும் உள்ளே விட்டார்கள்.